கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி

தெரபி சென்டர் வராந்தாவில் நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள். அவற்றில் அம்மாக்கள், ஒன்றிரண்டு அப்பாக்கள், பேரனைக் கூட்டி வந்த ஒரு தாத்தா. உள்ளே முக்கால் மணி நேரம். கதவு திறந்ததும், "இன்னிக்கு நல்லா உட்கார்ந்தான்மா" என்று சொல்லிவிட்டு, தெரபிஸ்ட் அடுத்த குழந்தையோடு உள்ளே போய்விடுவார். என்ன செய்தான், எதற்குத் திரும்பிப் பார்த்தான், வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்க வாய் திறப்பதற்குள் கதவு சாத்தியிருக்கும்.

ஆட்டிசம் உள்ள குழந்தையின் பெற்றோருக்கு இந்த நாற்காலி வரை வந்து சேர்வதே பெரும்பாடு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவதில்லை என்று அம்மாவுக்கு உறுத்தல் தொடங்கும். "அவங்கப்பனே மூணு வயசுலதான் பேசினான்" என்பார் மாமியார். 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கென 20 கேள்விகள் கொண்ட 'எம்-சாட்' என்ற பட்டியல் இருக்கிறது. பத்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். அது ஆட்டிசம் என்று முடிவுகட்டாது. யாரை நிபுணரிடம் காட்ட வேண்டும் என்று மட்டும் சொல்லும். அந்தப் பத்து நிமிடம் கிடைக்காமல் மாதக்கணக்கில் போய்விடுகிறது பலருக்கு.

ஆட்டிசம் என்று தெரிந்த பிறகு அடுத்த அலைச்சல். பேச்சுக்கு ஸ்பீச் தெரபி. சத்தம், வெளிச்சம், தொடுகை தாங்காத சிரமங்களுக்கும் அன்றாட வேலைகளுக்கும் ஓ.டி. எனப்படும் ஆக்குபேஷனல் தெரபி; கற்றலுக்கு ஸ்பெஷல் எஜுகேட்டர். ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம், ஒரு நேரம், ஒரு கட்டணம்.

இதே அலைச்சலை, தெரபி என்ற சொல்லே பரவாத காலத்தில் பட்டவர் டெல்லியின் மெர்ரி பரூவா. மகன் நீரஜுக்கு உதவி தேடித் தேடி, கடைசியில் 1991இல் தானே 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பைத் தொடங்கினார். 1994இல் அது ஆரம்பித்த பள்ளியின் பெயர் 'ஓபன் டோர்', திறந்த கதவு. சட்டமும் அப்போது கைகொடுக்கவில்லை; 1995இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவே இல்லை. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில்தான் இடம் கிடைத்தது; 2016இல் வந்த புதிய மாற்றுத்திறனாளிகள் சட்டம் அதை 21 குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்தது. பரூவாவின் அமைப்பு பெற்றோரையும் குழந்தையையும் சேர்த்து உட்கார வைத்து, 12 வாரம் பயிற்சி கொடுத்தது. வெளியூர்க் குடும்பங்கள் டெல்லியில் வந்து தங்கிக் கற்றுக்கொண்டு போயின.

பெற்றோர் உள்ளே வந்தால் பலன் உண்டா? கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து நடந்து, 2016இல் வெளியான 'பாஸ்' ஆய்வு இதைச் சோதித்தது. பயிற்சி தந்தவர்கள் நிபுணர்கள் அல்லர். இதற்கென்று பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள். ஆறு மாதத்தில் 12 அமர்வுகள். அம்மாவும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, அம்மாவும் பணியாளருமாகப் போட்டுப் பார்ப்பதுதான் முறை.

குழந்தை பொம்மைக் காரைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "இது என்ன? என்ன கலர்? சொல்லு, சொல்லு" என்று அம்மா கேட்கக் கேட்க, அது முதுகைத் திருப்பிக்கொள்கிறது. வீடியோவின் இன்னோர் இடத்தில் அம்மா கேள்வியை விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து "சுத்துது" என்று மட்டும் சொல்கிறார். குழந்தை அரை நொடி நிமிர்ந்து பார்க்கிறது. பணியாளர் வீடியோவை அங்கே நிறுத்துவார். அந்த அரை நொடிப் பார்வைதான் பேச்சின் வாசல் என்பதை அம்மா தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்வார்.

ஆய்வு முடிவில், பெற்றோர் குழந்தையின் போக்குக்கு ஏற்ப பதில் சொல்வது கூடியிருந்தது. குழந்தை தானாக அம்மாவை நாடுவதும் கூடியிருந்தது. ஆனால் இருவரும் ஒரே பொருளில் சேர்ந்து கவனம் வைத்த நேரம் சற்றுக் குறைந்திருந்தது. மந்திரமில்லை, ஆனால் ஏழை நாடுகளிலும் செய்யக்கூடியது.

பெற்றோரை உள்ளே அழைப்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஒரு காலத்தில் அம்மாவின் பாசக்குறைவால்தான் ஆட்டிசம் வருகிறது என்று மருத்துவ உலகமே அவள்மேல் பழிபோட்டது. அதை மறுத்து 1964இல் புத்தகம் எழுதிய பெர்னார்டு ரிம்லாண்டும் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தகப்பன்தான். அன்று பழி சுமந்தவள் தலையில் இன்று "நீதான் தெரபிஸ்ட்" என்று முழுச்சுமையையும் ஏற்றிவிடக் கூடாது. வேலையை விடுபவளும் பெரும்பாலும் அவளே. அறைக்குள் அப்பாவும் உட்காரலாம், பாட்டியும் உட்காரலாம்.

களைத்த பெற்றோரைக் குறிவைக்கும் வியாபாரமும் உண்டு. "ஆறே மாதத்தில் குணம்" என்று உறுதி தரும் இடத்தில் செருப்பைக் கழற்றவே வேண்டாம். லட்சங்கள் கேட்கும் ஸ்டெம் செல் சிகிச்சையை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022இலேயே சொல்லிவிட்டது.

காசில்லாதவர்களுக்கு அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் இருந்தால், தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை பெறலாம்; தெரபிச் செலவுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

சென்டரைத் தேர்ந்தெடுக்கும்போது ஸ்பீச் தெரபிஸ்ட்டும் ஸ்பெஷல் எஜுகேட்டரும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவர்களா என்று பாருங்கள். பிறகு, "நான் உள்ளே வந்து உட்காரலாமா?" என்று கேளுங்கள். எப்போதும் கூடாது என்பவர்களிடம் காரணம் கேளுங்கள். காரணம் சரியாகப் படவில்லையென்றால், பணம் கட்டுமுன் வேறு சென்டரையும் பார்த்துவிடுங்கள்.