டப்பா பெயிண்டும் பாட்டாவின் அம்பாசிடரும்



எங்க பாட்டா தக்கலையில் டாக்ஸி ஓட்டியவர். வண்டி அம்பாசிடர். உடம்பு கறுப்பு, கூரை மஞ்சள். மேற்கு வங்காளத்தில் உத்தரபாரா என்ற ஊரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 2014 வரை செய்த கார் அது. பாட்டாவின் வண்டியை நான் பார்த்ததில்லை. நான் பிறக்கும் முன்பே பழைய இரும்புக்குப் போய்விட்டது. ஒரு போட்டோகூட வீட்டில் இல்லை. "கண்ணை மூடினா வண்டி முன்னால வந்து நிக்குது மக்களே" என்று பாட்டா அடிக்கடி சொல்லுவார். சரி, கண்ணைத் திறந்தாலும் நிற்கட்டுமே என்று, என்னிடம் இருந்த வெள்ளை பிளாஸ்டிக் அம்பாசிடர் பொம்மைக்கு அதே கலர் அடிக்கத் தீர்மானித்தேன்.

ஒரு ஸ்பிரே டப்பா வாங்கினேன். ஆடி மாதம், வெளியே சாரல். அடுக்களைக்குப் பக்கத்து அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, டப்பாவைக் காருக்குக் கிட்டே பிடித்து ஒரே மூச்சில் அடித்தேன். கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் நண்டு ஓடு போலச் சொரசொரத்தது. கறுப்பின் மேல் வெள்ளையாகப் புகை படிந்தது. அதற்குள் அம்மா ஓடி வந்து, "அடுப்பு எரியுது, என்னலே செய்யுத?" என்று சத்தம் போட்டு அடுப்பை அணைத்தார்கள். ஒரே சாயங்காலத்தில் மூன்று தப்பு! மறுநாள் பட்டறையில் வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கிற அண்ணனிடம் காரைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு மூன்றுக்கும் காரணம் சொன்னார்.

முதல் தப்பு: பிளாஸ்டிக் கரைந்தது ஏன்?

கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைத்த தெர்மோகோலில் ஸ்பிரே அடித்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். தெர்மோகோல் குழி குழியாக உருகிப் போகும். பெயிண்டில் இருக்கும் அசிட்டோன், டொலுயின் போன்ற கரைப்பான்களின் வேலை அது. தெர்மோகோல் என்பது பாலிஸ்டைரின். மாடல் கார் பலவும் அதே பாலிஸ்டைரின்தான், காற்று அடைக்காமல் கெட்டியாக வார்த்தது. பெயிண்ட் கனமாக விழுந்தால் கரைப்பான் அதிலேயே தங்கி பிளாஸ்டிக்கை அரிக்கும். பனி போல லேசாக விழுந்தால் அரிக்கும் முன்பே ஆவியாகிவிடும். ஜப்பானில் ஷிசுவோக்கா நகரத்துத் தமியா நிறுவனம் பிளாஸ்டிக் மாடலுக்கென்றே 100 மில்லி டப்பாக்கள் செய்கிறது. நமக்கு இங்கே சாதாரணமாகக் கிடைப்பது பைக்குக்கும் இரும்புக் கதவுக்கும் அடிக்கிற பெயிண்ட். ஆகவே நாம்தான் பைய அடிக்க வேண்டும்.

இரண்டாம் தப்பு: வெள்ளைப் புகை ஏன்?

அடிக்கும்போது டப்பாவைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்கும். உள்ளே திரவமாக இருக்கும் வாயு ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. காரின் மேல் விழுந்த கரைப்பானும் அப்படியே ஆவியாகி, அந்த இடத்தைக் குளிர வைக்கிறது. மழைக்காலக் காற்றில் ஈரம் அதிகம். அது குளிர்ந்த பெயிண்டின் மேல் பனித்துளியாகப் படிந்து வெளுப்பாகிறது. நம் குமரி மாவட்டத்தில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. ஆகவே வெயில் அடிக்கிற நாளில், காலை பத்து மணிக்கு மேல் அடிப்பதே நல்லது.

மூன்றாம் தப்பு: அடுப்பு

இதுதான் பெரிய தப்பு. இன்றைய டப்பாக்கள் பலவற்றில் பெயிண்டைத் தள்ளுவது புரொப்பேன், பியூட்டேன். சமையல் கேஸும் அதேதான்! மூடிய அறை, அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் கூடாது. காலி டப்பாவையும் குத்தக் கூடாது, தீயில் போடக் கூடாது. மூக்கிலும் வாயிலும் மாஸ்க் கட்டி, திறந்த இடத்தில், காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று அடிக்க வேண்டும். பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும்.

சரியாக அடிக்கும் முறை

1. காரின் அடியில் உள்ள ஸ்க்ரூக்களைக் கழற்றி, கண்ணாடியையும் சக்கரத்தையும் தனியே எடுக்கவும்.

2. சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வைக்கவும். கை எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் பிடிக்காது.

3. 400 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து லேசாகத் தேய்க்கவும்.

4. டப்பாவை இரண்டு நிமிடம் குலுக்கவும். உள்ளே கடகடவென்று ஓடுகிற குண்டு, அடியில் தங்கிய வண்ணத்தைக் கலக்குகிறது.

5. கார் உள்பக்கத்தில் ஒரு துளி அடித்துச் சோதிக்கவும். பிளாஸ்டிக் அரித்தால் அந்த டப்பா வேண்டாம்.

6. ஒரு சாண் தூரத்தில் பிடிக்கவும். காருக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, கார் மேல் கடந்து, மறுபக்கம் வெளியே போய் விடவும். "நடுவுல கையை நிறுத்தினியானா அங்கதான் ஒழுகும்" என்றார் அண்ணன்.

7. முதலில் பிரைமர். பிறகு மூன்று நான்கு மெல்லிய கோட்டு. ஒவ்வொன்றுக்கும் நடுவே 10, 15 நிமிடம் பொறுக்கவும்.

8. இரண்டு கலர் என்றால் வெளிர் கலர் முதலில். மஞ்சள் அடித்து ஒரு நாள் காய்ந்த பின், கூரையை மாஸ்கிங் டேப்பால் மூடிக் கறுப்பு அடிக்க வேண்டும். கறுப்பின் மேல் மஞ்சள் எடுக்காது.

9. முடிந்ததும் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் காற்று வரும்வரை அழுத்தவும். வாய் அடைக்காது.

உங்களுக்குத் தெரியுமா?

ஸ்பிரே பெயிண்ட் டப்பாவை 1949-இல் அமெரிக்காவில் எட் சீமோர் என்பவர் உருவாக்கினார். யோசனை சொன்னது அவர் மனைவி போனி! முன்பு ஸ்பிரே டப்பாக்களில் இருந்த சி.எஃப்.சி. வாயு ஓசோன் படலத்தை அரித்தது. 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் பயனாக அது கைவிடப்பட்டது.

இரண்டாவது பொம்மை வாங்க ஒரு மாதம் காசு சேர்த்தேன். அடித்து முடிக்க நான்கு நாள் ஆனது. கொண்டுபோய் பாட்டா கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூரையை விரலால் தடவினார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. "நம்பர் எங்கடே?" என்று கேட்டார். நான் முழித்தேன். யோசிக்காமல், மூச்சு விடாமல் அந்த நம்பரைச் சொன்னார். மெல்லிய பேனாவால் எழுதி ஒட்டினேன். இப்போது வண்டி அவர் கட்டில் பக்கத்து ஸ்டூலில் நிற்கிறது.

நீங்களும் முயன்று பாருங்கள். அவசரப்படாதீர்கள். அடுப்பை மறக்காதீர்கள்!

– 9-ஆம் வகுப்பு, ஆ பிரிவு மாணவன்