கோடை முதல் கூதிர் வரை பூக்கும் அரளி

கிணற்று நீர் குறைந்து பூச்செடிகள் பலவும் வாடும் சித்திரை, வைகாசி மாதங்களில் அரளி மிகுதியாகப் பூக்கின்றது. தக்க பராமரிப்பு இருப்பின் ஐப்பசி வரையிலும் பூ ஓய்வதில்லை. நந்தவனத்துக்கும் வீட்டு முற்றத்துக்கும் அழகு தருவதோடு, மாலைக்கும் பூசைக்கும் விலைபோகும் பூ இது. சேலம் ஜில்லாவில் பனமரத்துப்பட்டிப் பக்கத்துக் குடியானவர்கள் இதனைத் தனிப் பயிராகவே சாகுபடி செய்து வருகின்றனர்.

வெள்ளை, சிவப்பு, ரோஜா நிறங்களில் ஒற்றை இதழ் வகையும் அடுக்கு வகையும் உண்டு. மஞ்சளரளி எனப்படுவது வேறு இனத்தைச் சேர்ந்த செடியாகும்.

நீர் தேங்காத எந்நிலத்திலும் அரளி வளரும். ஆனி, ஆடி மாதங்களில் முற்றிய கிளைகளை ஏழெட்டு அங்குல நீளத் துண்டுகளாக நறுக்கி, நிழலான பாத்தியில் ஊன்றி வேர்விடச் செய்தல் வேண்டும். பின்னர் ஆறடிக்கு ஆறடி இடைவெளியில், ஓரடி ஆழக் குழிகளில் தொழுவுரமிட்டு நடலாம். ஏக்கர் ஒன்றுக்குச் சுமார் 1,210 செடிகள் பிடிக்கும். வேர் பிடிக்கும் வரை தவறாது நீர் பாய்ச்சுதல் அவசியம். பின்னர் செடி வறட்சியைத் தாங்கும்.

புதுத் தளிரின் நுனியிலேயே பூங்கொத்து தோன்றுகின்றது. ஆகையால் தை மாதத்தில் கிளைகளைக் கவாத்து செய்தால் பக்கக் கிளைகள் பெருகிப் பூவும் பெருகும். தளிர்களில் மஞ்சள் நிற அசுவினி காணப்படின் சோப்பு நீர் தெளிக்கலாம். பூவை மொக்கு விரியுமுன் அதிகாலையிலேயே பறித்தல் வேண்டும்.

ஆயினும் ஒரு விஷயத்தில் மிகுந்த ஜாக்கிரதை தேவை. இதன் இலை, பூ, பட்டை, வேர் யாவும் இருதயத்தைத் தாக்கும் கொடிய விஷம். ஒரு கைப்பிடி இலையே ஒரு மாட்டைக் கொல்லப் போதுமானது. பச்சை இலையின் கசப்பினால் கால்நடைகள் பெரும்பாலும் அதனை ஒதுக்கிவிடும். உலர்ந்த சருகையோ, வைக்கோலுடன் கலந்ததையோ அறியாது தின்றுவிடும். உலர்ந்தாலும் விஷம் நீங்குவதில்லை. ஆதலால் கவாத்துக் கழிவை வரப்பில் குவிக்காமல் ஆழமாகப் புதைத்தல் வேண்டும். அதன் புகையும் தீங்கு செய்யுமாதலால் விறகாக எரித்தலாகாது. கழிவைத் தின்ற மாடு வயிற்று வலியும் கழிச்சலும் கண்டு சோர்ந்தால், கைவைத்தியத்தில் காலம் கடத்தாது கால்நடை மருத்துவரை உடனே அழைத்தல் வேண்டும்.

மாட்டுத் தொழுவம், மேய்ச்சல் தரை, குடிநீர் ஊருணிக்கரை, பள்ளிக்கூட மைதானம் ஆகிய இடங்களில் அரளியை நடாதிருக்கக் கிராம அதிகாரிகள் கவனித்தல் நலம். இவ்விடங்களை விலக்கி நட்டு, கழிவை அன்றன்றே புதைத்து வந்தால், கோடையிலும் வருவாய் தரும் பயிராக அரளி விளங்கும்.