ஒலிநாடாவில் உறங்கும் குரல்கள்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் இறைமக்களே, தவக்காலத்தில் உங்கள் பாட்டனார் பசாம் பாடிய குரல் பழைய ஒலிநாடா ஒன்றில் அலுமாரிக்குள் கிடக்கின்றதா? கடற்காற்றின் ஈரத்தில் நாடாவில் பூஞ்சணம் படரும். காந்தப் பூச்சு உதிரும். அழிந்த குரல் மீளாது. இவ்வாண்டே அதனை வெளியே எடுங்கள்.

நாடா இயக்கியைக் கம்பியால் கணினியுடன் இணைத்து, ‘ஓடாசிட்டி’ என்னும் இலவச மென்பொருளில் பதிந்து, எம்பி3 கோப்பாக மாற்றலாம். நொடிக்கு 128 கிலோபிட் அளவில் ஒரு மணி நேர நாடா ஏறத்தாழ 58 மெகாபைட் ஆகும். தனிக்குரலுக்கு 64 கிலோபிட்டே போதும். மாற்றித் தரும் இணையத்தளங்களும் பல உண்டு. ஆயினும் இறந்தவரின் குரலை முகமறியாதோர் கணினிக்கு அனுப்ப என் மனம் ஒப்பவில்லை.

குரலைத் தொலைவுக்கு அனுப்புவது திருச்சபைக்குப் புதிதன்று. மார்க்கோனி அமைத்த வத்திக்கான் வானொலியில் 1931 பெப்ரவரி 12இல் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் இலத்தீனில் உரையாற்றினார். நம் திருகோணமலையிலிருந்தும் ஜெர்மனியின் டொய்ச் வெல்லே 2013 வரை சிற்றலையில் அஞ்சல் செய்தது. வெரித்தாஸ் வானொலியோ 2018இல் சிற்றலையை நிறுத்தி இணையத்துக்கு மாறியது. 2020இல் ஆலயக் கதவுகள் அடைபட்டபோது திருப்பலியும் இணையவழி இல்லம் வந்தது. நோயுற்றோர்க்கு அது இன்றும் ஆறுதல். நற்கருணையை மட்டும் அவ்வழி பெற இயலாது.

மாற்றிய கோப்பைக் கூகுள் டிரைவில் இட்டு, அதன் இணைப்பை உறவினருக்கு மட்டும் அனுப்புங்கள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உள்ள பேரப்பிள்ளைகள் பெரிய வெள்ளிக்கு முன்பே கேட்டுப் பயிலட்டும். பாடியவர் பெயரையும் ஆண்டையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.