சீசர் முகத்தில் ஒரு வெட்டு!

பாக்கெட்டில் இருக்கிற அஞ்சு ரூபா காயினை எடுங்க. அது எத்தனை கிராம்னு என்னிக்காவது யோசிச்சிருக்கீங்களா? மாட்டீங்க. அதில் இருக்கிற நம்பரும் சிங்கத் தலையும்தான் அதோட மதிப்பு. உலோகத்தை யாருங்க கேட்கிறா?

2,000 வருஷத்துக்கு முன்னாடி நம்ம பாண்டிய நாட்டுப் பக்கம் வந்த ரோமானியத் தங்கக் காசோட கதை அப்படியே தலைகீழ். இங்கே தங்கத்துக்குத்தான் மரியாதை. அதில் இருந்த சக்கரவர்த்தி முகத்துக்கு..? ஒரே வெட்டு!

1898-ல், புதுக்கோட்டை பக்கம் கருக்காக்குறிச்சியில் ஒரு புதையல் கிடைச்சுது. மொத்தம் 501 ரோமானியத் தங்கக் காசுகள். அகஸ்டஸ் காலத்தில் ஆரம்பிச்சு வெஸ்பாசியன் காலம் வரைக்கும் வந்தவை. அந்தக் காலத்து ரோமானியச் சிப்பாய்க்கு வருஷச் சம்பளமே இந்த மாதிரி ஒன்பது காசுதான். அப்படின்னா, 55 சிப்பாய்களோட ஒரு வருஷச் சம்பளத்துக்கு மேலே நம்ம மண்ணுக்குள்ளே தூங்கியிருக்கு!

ஆனா, பெரும்பாலான காசுகளில் ராஜா தலைக்குக் குறுக்கே ஆழமா ஒரு கோடு. யாரோ வேணும்னே வெட்டியிருக்காங்க. ஏன்? 'இது இனிமே காசு இல்லை, வெறும் தங்கம். எடை போட்டு வாங்கு'ன்னு சொல்லத்தான் அந்த வெட்டுங்கிறது ஆய்வாளர்கள் சொல்ற முக்கியமான காரணம்.

எடை போட்டவங்க ஏமாளிங்க இல்லை. கி.பி. 64 வாக்கில் நீரோ என்ன பண்ணினார் தெரியுமா? காசோட எடையில் சுமார் அரை கிராமைச் சத்தமில்லாம குறைச்சுட்டார். முகத்தில் அதே கம்பீரம், தங்கம் மட்டும் கம்மி! தராசு வெச்சிருந்தவங்களுக்கு அது தெரியாமலா இருக்கும்?

இந்தக் காசுகளில் அடிக்கடி தலை காட்டுறவர் டைபீரியஸ். கி.பி. 14-லிருந்து 37 வரை ஆண்டவர். ஒரு பக்கம் இலை மாலை சூடிய தலை, இன்னொரு பக்கம் கையில் செங்கோலோடு உட்கார்ந்திருக்கிற ஒரு பெண். அவரோட அம்மா லிவியான்னு பலரும் நினைக்கிறாங்க. கடைசி வருஷங்களை ரோமுக்கே திரும்பாம காப்ரி தீவில் கழிச்ச மனுஷர்.

காமெடி என்னன்னா, கி.பி. 22-ல் இவரே செனட்டுக்கு ஒரு கடிதம் எழுதிப் புலம்பியிருக்கார். பெண்கள் போடுற நகைக் கல்லுக்காக நம்ம காசெல்லாம் அந்நிய நாட்டுக்குப் போகுதேன்னு! நம்ம கொற்கை முத்து, சேர நாட்டு மிளகு எல்லாத்துக்கும் அங்கே அப்படி ஒரு மவுசு. பிளினி தன் புத்தகத்தில் பாண்டிய மன்னனையும் 'மொதுரா'ங்கிற ஊரையும் சொல்றார். அது வேற எந்த ஊரும் இல்லை... மதுரையேதான்! 'போகக் கூடாது'ன்னு ராஜா புலம்ப, அவர் முகமே கப்பலேறி வந்து இங்கே வெட்டு வாங்கியிருக்கு.

தங்கம் மட்டுமில்லை. நாலு, அஞ்சாம் நூற்றாண்டு ரோமானியச் செப்புக் காசுகள் மதுரை வைகை மணலிலேயே கிடைச்சிருக்கு. ஆய்வாளர் ஆர். கிருஷ்ணமூர்த்தி கரூர், மதுரை செப்புக் காசுகளைப் பத்தித் தனிப் புத்தகமே போட்டிருக்கார். தேய்ஞ்சு போன சின்னச் சின்ன சில்லறைதான். ஆனா அதுவும் சரித்திரம்தான்!

அதனால ஃப்ரெண்ட்ஸ்... உங்க ஊரில் கிணறு வெட்டும்போதோ உழும்போதோ இப்படி ஏதாவது கிடைச்சா, நேரா நகைப் பட்டறைக்கு ஓடாதீங்க. 1878-ம் வருஷப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைச்சாலே கலெக்டருக்குத் தகவல் சொல்லணும். கிடைச்ச இடத்தையும் கலைக்காம விடுங்க. எந்த மண்ணில், எந்தப் பானையில், எத்தனை காசோட இருந்ததுங்கிறதுதான் பாதிக் கதை.

வெட்டு வாங்கியும் டைபீரியஸ் முகம் மிஞ்சியிருக்கு பாருங்க. உருக்கிட்டா மிஞ்சுறது வெறும் எட்டு கிராம் தங்கம்தான்... அதுவும் முழுசா வராது!