படிப்பு இலவசம், சான்றிதழுக்கு விலை

சரித்திரம், தத்துவம், கணக்கியல் எல்லாம் வீட்டிலிருந்தபடியே படிக்கக் கிடைக்கின்றன. நுழைவுத் தேர்வு கிடையாது, வயது வரம்பும் கிடையாது. ஆனால் இந்த வகுப்பறையின் கதவு முழுசாகத் திறந்திருக்கிறதா?

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் படிப்பு என்றதும் நினைவுக்கு வருவது 1914இல் தொடங்கப்பட்ட கிளாரன்ஸ் பள்ளி போன்ற பழைய ஸ்தாபனங்கள்தான். கன்டோன்மென்ட்டை ஒட்டி வளர்ந்த இந்த வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவருகின்றன. நிர்வாகக் கல்வியின் உச்சமாகக் கருதப்படும் ஐ.ஐ.எம். இருப்பதோ நகரின் இன்னொரு கோடியில், பன்னேர்கட்டா சாலையில். பஸ் ஏறினால் அந்த தூரத்தைக் கடந்துவிடலாம். சுலபத்தில் கடக்க முடியாதவை 'கேட்' நுழைவுத் தேர்வும், லட்சக்கணக்கில் நீளும் கட்டணமும்தான்.

அந்தச் சுவரில் 2014இல் ஒரு ஜன்னல் திறந்தது. ஹார்வர்ட் பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து 2012இல் நிறுவிய எடெக்ஸ் தளத்தில் பெங்களூர் ஐ.ஐ.எம். இணைந்தது. அந்தத் தளத்தின் முதல் தலைவர் அனந்த் அகர்வால், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். பிறகு மத்திய அரசு 2017 ஜூலையில் 'ஸ்வயம்' திட்டத்தைத் தொடங்கியபோது, அதில் நிர்வாகப் பாடங்களுக்கான பொறுப்பு பெங்களூர் ஐ.ஐ.எம்.மிடம் ஒப்படைக்கப்பட்டது. கணக்கியல், ஊழியர் நிர்வாகம், சுயதொழில் போன்றவற்றை ரிச்சர்ட்ஸ் டவுனில் இருப்பவரும் படிக்கலாம், ராமநாதபுரத்தில் இருப்பவரும் படிக்கலாம்.

என்ஜினீயர்களிடமிருந்து தொடங்கியது

இலவச இணையப் படிப்பு இந்தியாவில் பொறியியலில்தான் பிறந்தது. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டம்தான் அதன் வித்து. இன்று அதே திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி.யின் மனிதவியல் துறை ஆசிரியர்கள் இலக்கியமும் மொழியும் நடத்துகிறார்கள். ஸ்வயத்தில் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஏற்பாட்டில் வரலாறு, சமூகவியல், அரசியல் என்று கலைப் பாடங்கள் வருகின்றன. 1985இல் நிறுவப்பட்ட இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகமோ தன் பாடப் புத்தகங்களையே 'இ-ஞானகோஷ்' தளத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது.

வெளிநாட்டிலும் கலைப் பாடங்கள் பின்தங்கவில்லை. யேல் பல்கலைக்கழகம் 2007இலேயே தன் வகுப்பறை விரிவுரைகளைப் படம்பிடித்து இணையத்தில் ஏற்றிவிட்டது. நீதி என்றால் என்ன என்று மாணவர்களோடு மல்லுக்கட்டும் ஹார்வர்ட் பேராசிரியர் மைக்கேல் சாண்டெலின் வகுப்பு எடெக்ஸில் உலகம் முழுவதும் பிரபலமானது.

பிள்ளையை என்ஜினீயராக்கியே தீருவது என்று நிற்கும் நம் குடும்பங்களில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. பெற்றோரின் விருப்பத்துக்காக கம்ப்யூட்டர் படித்து ஐ.டி. கம்பெனியில் சேர்ந்தவர், ஒருகாலத்தில் ஆசைப்பட்ட சரித்திரத்தை முப்பது வயதில் யாரிடமும் அனுமதி கேட்காமல் படிக்கலாம். கல்யாணத்தோடு படிப்பு நின்றுபோன பெண்ணும் சமையல் முடிந்த மத்தியான நேரத்தில் பொருளாதாரத்தைப் புரட்டலாம்.

எங்கே இடிக்கிறது?

முதல் இடி, காசு. பாடம் இலவசம், ஆனால் சான்றிதழுக்குப் பணம் கட்ட வேண்டும். எடெக்ஸ் ஆரம்பத்தில் சான்றிதழையும் இலவசமாகவே தந்தது. 2015 முடிவோடு அது நின்றது. லாப நோக்கில்லாமல் தொடங்கிய அந்தத் தளம் 2021இல் 80 கோடி டாலருக்கு '2யு' என்ற கம்பெனிக்குக் கைமாறியது. வாங்கிய கம்பெனி 2024இல் திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்குப் போனது. தர்மசத்திரம் வியாபாரமானால் திண்ணையின் அளவு குறையத்தான் செய்யும்.

இந்திய ஏற்பாடு இந்த விஷயத்தில் தேவலை. ஸ்வயத்தில் பாடம் கேட்கப் பணம் கிடையாது. நேரில் போய் எழுதும் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். என்.பி.டி.இ.எல்.லில் பல ஆண்டுகளாக இது ஒரு பாடத்துக்கு 1000 ரூபாய். தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் ஊனமுற்றோருக்கும் அதில் பாதி. வாராந்தர வீட்டுப் பாடத்துக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. கல்லூரி மாணவருக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. ஒரு பருவத்தின் பாடங்களில் 20 சதவீதம் வரை ஸ்வயத்தில் படிக்கலாம் என்று 2016இல் அனுமதித்த மானியக் குழு, 2021இல் அதை 40 சதவீதமாக உயர்த்தியது. ஆனால் அவருடைய கல்லூரி அந்தப் பாடத்தை ஏற்றுக்கொண்டால்தான் மதிப்பெண் கணக்கில் சேரும்.

இரண்டாவது இடி, விடாமுயற்சி. எடெக்ஸின் முதல் வகுப்பில் பெயர் கொடுத்தவர்கள் சுமார் 1,55,000 பேர். தேறியவர்கள் 7,157 பேர், அதாவது நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. காசு கொடுக்காததை விடுவது சுலபம். பக்கத்தில் உட்கார்ந்து படிக்கவும் ஆளில்லை. பாதியில் விட்டவர்கள் எல்லோரும் தோற்றவர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. தேவைப்பட்ட இரண்டு அத்தியாயங்களை மட்டும் படித்துவிட்டுக் கிளம்பியவர்களும் அதில் உண்டு.

மூன்றாவது, மொழி. என்.பி.டி.இ.எல். பாடங்கள் சிலவற்றைத் தமிழிலும் தருகிறது. தமிழ் மொழி, இலக்கியம் என்றால் தமிழக அரசு 2001இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில், பாடங்களையும் பெரிய மின்நூலகத்தையும் வைத்திருக்கிறது. ஆனால் சமூகவியலும் நிர்வாகவியலும் இன்னும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பேசுகின்றன. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவருக்குக் கதவு திறந்திருந்தாலும் வாசற்படி உயரம்தான்.

சேர விரும்புகிறவர் முதலிலேயே ஒரு விஷயத்தைத் தீர்மானித்துக்கொள்வது நல்லது: வேண்டியது அறிவா, காகிதமா? அறிவு போதும் என்றால் ஒரு பைசா செலவில்லை. காகிதமும் வேண்டும் என்றால், அதை யாரிடம் காட்டப்போகிறாரோ அந்தக் கல்லூரியோ கம்பெனியோ அதை மதிக்குமா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு பணம் கட்டலாம்.