உராய்ந்தாலே கொப்புளிக்கும் தோல்: குடும்பத்தினர் அறிய வேண்டியவை

பிறந்த சில நாள்களிலேயே உராய்வு பட்ட இடமெல்லாம் கொப்புளம் எழுந்தால், அதை அம்மை என்று எண்ணி நாள் கடத்த வேண்டா. அது ‘எபிடெர்மோலைசிஸ் புல்லோசா’ என்னும் அரிய மரபணு நோயாக இருக்கலாம். இந்நோய் பிறருக்குத் தொற்றாது. கருவுற்றிருந்தபோது தாய் உண்டதோ செய்ததோ இதற்குக் காரணம் அன்று.

நோய் வருவது எப்படி?

தோலின் அடுக்குகள் பிரியாதிருக்கச் சில புரதங்கள் துணை நிற்கின்றன. அவற்றுக்கான மரபணுவில் பிழை நேர்ந்தால் பிடிப்புத் தளர்ந்து, சிறு உராய்விலும் நீர்க்கொப்புளம் தோன்றும். கெரட்டின் 5, 14 பாதிக்கப்படும் வகை பெரும்பாலும் தழும்பின்றி ஆறும். ஏழாம் வகைக் கொலாஜன் அறவே குறைந்தால் ஆழ்ந்த புண்களும் தழும்புகளும் உண்டாகி, விரல்களும் ஒட்டிக்கொள்ளும்.

கடுமையான வகைகள் பலவற்றில் பெற்றோர் இருவரும் நோயின்றி, பிழையுற்ற மரபணுவை மட்டும் கொண்டிருப்பர். அவர்களின் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு 25 விழுக்காடு. தாய்மாமன், அத்தை மகன் போன்ற உறவுத் திருமணங்களில் இந்நிலை கூடுதலாக நேர்கிறது. அடுத்த குழந்தைக்கு முன் மரபணு ஆலோசனை பெறுதல் நன்று.

வீட்டில் கவனிப்பு

• கொப்புளத்தைப் பெரிதாக விடாமல், தூய்மையாக்கப்பட்ட ஊசியால் அடிப்பகுதியில் துளையிட்டு நீரை வடிக்கவும். மேல்தோலை உரிக்க வேண்டா.
• ஒட்டும் பிளாஸ்திரி கூடாது. ஒட்டாத கட்டுத்துணி இட்டு, மேலே மென்துணி சுற்றவும். விரல்களைத் தனித்தனியே சுற்றவும்.
• கட்டு ஒட்டிக்கொண்டால் இழுக்காமல், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 9 கிராம் உப்பு வீதம் கலந்து நனைத்து எடுக்கவும்.
• குழந்தையை அக்குளில் பிடித்துத் தூக்காமல், பின்தலையையும் இடுப்பையும் தாங்கி எடுக்கவும்.
• வாயில் புண் இருப்பின் ஆறிய குழைந்த சோறு, தயிர், கூழ், மசித்த பருப்பு கொடுக்கவும். புண் ஆறப் புரதமும் இரும்புச்சத்தும் மிகுதியாகத் தேவை.

ஆலைத் தொழிலாளர் கவனத்திற்கு

லேசான வகை சிலருக்கு உள்ளங்கை, உள்ளங்காலில் மட்டுமே தோன்றும், வெப்பத்தில் மிகும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் பாதுகாப்புக் காலணியுடன் நாள் முழுதும் நிற்பவர்கள் இதைக் ‘காலணி கடி’ என்று விட்டுவிடக்கூடும். சிறு வயது முதலே இத்தொல்லை இருந்தாலோ, குடும்பத்தில் வேறு சிலருக்கும் இருந்தாலோ தோல் மருத்துவரைக் காணவும். பருத்திக் காலுறை அணிவதும், அமர்ந்து செய்யும் பணிக்கு மருத்துவர் சான்று பெறுவதும் உதவும்.

உடனே வர வேண்டிய வேளை

காய்ச்சல், சீழ், துர்நாற்றம், புண்ணைச் சுற்றிப் பரவும் சிவப்பு, விழுங்க இயலாமை ஆகியவை கண்டால் தாமதிக்க வேண்டா. கடுமையான வகை உள்ள இளைஞர்களுக்கும் பெரியவர்களுக்கும் வாரக்கணக்கில் ஆறாத புண் புற்றுநோயாகவும் இருக்கலாம். மருத்துவமனைக்கு வந்ததும் ‘ஒட்டும் நாடா ஒட்டாதீர்கள்’ என்று செவிலியரிடம் முதலிலேயே கூறுங்கள்.

முழுமையாகக் குணப்படுத்தும் சிகிச்சை இன்னும் இல்லை. எனினும் 2023இல் அமெரிக்கா, கொலாஜன் குறைபாட்டு வகைக்குப் புண்மீது தடவும் மரபணுக் களிம்புக்கு ஒப்புதல் அளித்தது. ஆய்வுகள் தொடர்கின்றன, அன்றாடக் கவனிப்பே இன்று குழந்தையைக் காக்கும் மருந்து. அக்கவனிப்பை நேரில் கற்றுத்தர நாங்கள் காத்திருக்கிறோம்.