கொல்லை மல்லிக்கு எப்போது கவாத்து?

மல்லி, பிச்சி, முல்லை மூன்றுக்கும் ஒரே நாளில் கவாத்து செய்வது சரியல்ல. அவனியாபுரம் பக்கம் கொல்லையில் மூன்றையும் வைத்திருப்போர் இதைக் கவனிக்கவேண்டும். குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு வெட்டவேண்டும். பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. இவற்றை முழங்கால் உயரம் விட்டு வெட்டினால் போதும்.

மார்கழி, தையில் மல்லி விலை ஏறும். அந்த நாலு பூவுக்கு ஆசைப்பட்டுக் கவாத்தைத் தள்ளிப்போடுவோர் உண்டு. மல்லி புதுத் தளிரில்தான் பூக்கிறது. பழைய குச்சி அப்படியே நின்றால் தளிர் குறையும். பங்குனி, சித்திரையில் கூடை நிறையாது. சில செடிகளை மட்டும் நம்பியிருப்பவருக்கு இது கட்டுப்படியாகாது.

வெட்டுமுன் தண்ணீரை நிறுத்தவேண்டும். வெட்டியபின் காய்ந்த, நோயுற்ற குச்சிகளையும் மீதி இலைகளையும் நீக்கி, வளர்ந்த செடி ஒன்றுக்கு 10 கிலோ தொழு உரம், 65 கிராம் யூரியா, 375 கிராம் சூப்பர் பாஸ்பேட், 100 கிராம் பொட்டாஷ் இட்டுக் கொத்திவிட்டுத் தண்ணீர் பாய்ச்சலாம். தொழு உரம் தவிர மற்றவற்றை ஆனியில் இதே அளவு மறுபடி இடவேண்டும்.

இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்து, பச்சை திரும்பும்வரை மாதம் ஒருமுறை தெளிக்கவும்.